இலத்தீனின் அழகுச் சொல்: வடிவமும் ஒலிப்பும்

ஒரு சொல்லை இவ்வாறுதான் ஒலிக்க வேண்டும் என்று வகுத்துரைக்கும் உரிமை யாருக்கு உரியது? மொழியின் பழமையை ஆய்ந்தறிந்த புலவர்க்கா, நாள்தோறும் அம்மொழியைப் பேசி வாழும் மக்களுக்கா? கவிதை யாப்போர்க்கு இவ்வினா புதிதன்று. இலக்கணம் கற்றோர் ஒருபுறமும் தெருவில் வழங்கும் ஒலி மறுபுறமும் நின்று இழுக்க, இடையில் நின்று சொல்லைத் தேர்ந்தெடுப்பவர் அவரே. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் உரோம் நகரில் இவ்வினா ஒரு சிறு பெயரடையை முன்னிட்டு எழுந்தது. 'அழகிய' என்னும் பொருள்தரும் அச்சொல், இன்றைய இலத்தீன் அகராதிகளில் 'புல்க்ஹெர்' என்று காணப்படுகிறது. அதன் நடுவில் நிற்கும் சிறு மூச்சொலி, இலத்தீன் உரைநடையின் முதல்வராகப் போற்றப்பெறும் சிசரோவையே நெடுங்காலம் தயங்கி நிற்கச் செய்தது. அச்சொல்லின் வடிவங்களையும், ஒலிப்பின் வரலாற்றையும், அது சென்று சேர்ந்த இடத்தையும் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் ஒரு விளக்கம் வேண்டும். வல்லின மெய்யை ஒலித்து விடுக்கும்போது அதனோடு சேர்ந்து வெளிப்படும் காற்றே ஈண்டு மூச்சொலி எனப்படுகிறது. வடமொழியின் இரண்டாம் ககரத்தில் இம்மூச்சு உண்டு. 'சுகம்' என்று நாம் எழுதும் சொல் வடமொழியில் அம்மூச்சோடு ஒலிப்பது. தமிழ் அதனை ஏற்றபோது மூச்சை நீக்கியே ஏற்றது. இலத்தீன் இதற்கு மாறான வழியில் சென்றது. பிறமொழியிலிருந்து வந்த மூச்சைத் தான் ஏற்றதோடு அமையாது, தன் சொந்தச் சொற்களிலும் அதனைப் புகுத்திற்று. மூச்சொலி இல்லாத பழைய வடிவம் இங்குப் 'புல்க்கெர்' எனவும், மூச்சொலி பெற்ற வடிவம் 'புல்க்ஹெர்' எனவும் எழுதப்பெறும்.

சொல்லின் வடிவங்கள்

இலத்தீன் பெயரடை, தான் தழுவி நிற்கும் பெயரின் பாலையும் எண்ணையும் வேற்றுமையையும் ஏற்று உருமாறும். தமிழில் 'அழகிய' என்னும் பெயரெச்சம் சிறுவன், சிறுமி, பாட்டு ஆகிய மூன்றன் முன்னும் மாறாது நிற்கும். அதுவே 'அழகியன், அழகியள், அழகியது' எனக் குறிப்பு வினைமுற்றாகி வருமிடத்துப் பால் காட்டும். இலத்தீனில் பெயரையொட்டி அடையாக வரும் நிலையிலேயே இம்மாற்றம் நிகழ்கிறது. அழகிய சிறுவன் 'புல்க்ஹெர் புவெர்' ஆவான். அழகிய சிறுமி 'புல்க்ஹ்ரா புவெல்லா' ஆவாள். அழகிய பாட்டு 'புல்க்ஹ்ரும் கார்மென்' ஆகும். ஆண்பால், பெண்பால், இரண்டும் அல்லாத மூன்றாம் பால் என்னும் மூன்று பால்களுக்கும், ஒருமை பன்மை என்னும் இரண்டு எண்களுக்கும், விளியோடு சேர்த்து எண்ணப்படும் ஆறு வேற்றுமைகளுக்குமாக 36 இடங்களில் இப்பெயரடை நிற்கவேண்டும். வடிவங்கள் சில ஒன்றுபோலவே அமைவதால் மாணவர் மனனம் செய்யவேண்டியவை அத்துணை இல்லை.

இவ்வடிவங்களை உற்று நோக்கின் ஒரு செய்தி புலப்படும். ஆண்பால் ஒருமையின் எழுவாயிலும் விளியிலும் மட்டுமே 'ஹெ' என்னும் உயிர்மெய் தோன்றுகிறது. ஏனைய இடங்களில் எகரம் இல்லை. மெய்யையடுத்து ரகரம் உடனே வருகிறது. 'துயருற்ற' என்னும் பொருள்படும் 'மிஸெர்' என்னும் பெயரடையோ 'மிஸெரா, மிஸெரும்' என்று எங்கும் எகரத்தை விடாது. ஆதலால் பள்ளி இலக்கணங்கள், 'புல்க்ஹெர்' வகைச் சொற்களில் எகரம் கெடும் என்று விதி கூறும். வரலாற்று முறையில் நோக்கின் நிகழ்ந்தது இதற்குத் தலைகீழானது. தொன்மையில் இச்சொல்லின் ஆண்பால் வடிவம் 'புல்க்ரோஸ்' என்பதாகக் கொள்ளப்படுகிறது. இறுதி அசை தேய்ந்து மறைந்தபின், மெய்யும் ரகரமும் ஈற்றில் ஒருங்கே நின்று ஒலித்தற்கு அரிதாயின. அவற்றின் இடையே எகரம் ஒன்று துணையாகத் தோன்றியது. 'வயல்' என்னும் பொருள்தரும் 'ஆகெர்' என்னும் சொல்லும், அதற்கு நேரான கிரேக்க 'அக்ரோஸ்' என்பதும் இம்மாற்றத்தை விளங்கக் காட்டும். ஆக, எகரம் ஏனைய இடங்களில் கெடவில்லை. ஓரிடத்தில் மட்டும் புதிதாகத் தோன்றியது.

ஒப்புநோக்கி உயர்த்திச் சொல்லும்போது இது 'புல்க்ஹ்ரியொர்' ஆகும். எல்லாவற்றிலும் மேலானது என்று சொல்லும்போது 'புல்க்ஹெர்ரிமுஸ்' ஆகும். பின்னதில் ரகரம் இரட்டித்தமைக்குக் காரணம், விகுதியின் ஸகரம் முன்னின்ற ரகரத்தோடு ஒன்றித் தானும் ரகரமானதாகும். ஒலியழுத்தம் 'புல்க்ஹெர்', 'புல்க்ஹ்ரியொர்' ஆகியவற்றில் முதல் அசையிலும், 'புல்க்ஹெர்ரிமுஸ்' என்பதில் இரண்டாம் அசையிலும் விழும். 'அழகு' என்னும் பண்புப்பெயர் 'புல்க்ஹ்ரிதூதோ'. அதில் 'தூ' என்னும் நெடில் அழுத்தம் பெறும். குறுமைப் பொருள் தரும் வடிவமும் உண்டு. அது 'புல்க்ஹெல்லுஸ்', அதாவது 'அழகுக்குட்டி' என்பது போன்ற சொல்.

மூச்சொலி வந்த வழி

இலத்தீனின் வல்லின மெய்களில் மூச்சொலி இயல்பாக இல்லை. ஹகரம் உயிரோடு மட்டுமே சேர்ந்து வந்தது. கிரேக்கத்திலோ ககர, தகர, பகரங்களுக்கு மூச்சொலியுடைய இணைகள் தனித்தனி எழுத்துகளாகவே இருந்தன. கிரேக்கச் சொற்களைத் தொடக்க காலத்தில் ஏற்ற உரோமர், அம்மூச்சைக் கருதாது வெறும் வல்லினத்தால் எழுதினர். கி.மு. 186-இல் பாக்கஸ் தெய்வத்தின் களியாட்ட வழிபாட்டைக் கட்டுப்படுத்தி உரோம் மேலவை ஆணை பிறப்பித்தது. அவ்வாணை பொறித்த செப்புக்கலவைத் தகடு 1640-இல் தென் இத்தாலியின் திரியோலோவில் கிடைத்து, இன்று வியன்னாவில் உள்ளது. அதில் அத்தெய்வப் பெயரடியாகப் பிறந்த சொற்கள் மூச்சொலிக் குறியின்றியே எழுதப்பட்டுள்ளன.

அடுத்த தலைமுறையில் நிலைமை மாறத் தொடங்கிற்று. கி.மு. 146-இல் கொரிந்து நகரை அழித்து வெற்றிகொண்ட லூசியஸ் மும்மியஸ், தம் நேர்த்திக்கடனாக ஹெர்க்குலிஸுக்குக் கோயில் எடுத்தார். அதன் கல்வெட்டு உரோமில் கிடைத்துள்ளது. அதில் வென்ற நாட்டின் பெயரான 'அக்ஹாயா' மூச்சொலியோடு எழுதப்பட்டுள்ளது. அதையடுத்து வரும் கொரிந்துவின் பெயரோ, கிரேக்கத்தில் மூச்சொலி உடையதாயினும், வெறும் தகரத்தோடு நிற்கிறது. வெற்றி உலாவைக் குறிக்கும் சொல் மூச்சொலி பெற்றுள்ளது. ஒரே கல்லில் பழைய வழக்கும் புதிய வழக்கும் அருகருகே நிற்பது நோக்கத்தக்கது.

கிரேக்க நாட்டை வென்ற உரோமர் கிரேக்கக் கல்விக்கு ஆட்பட்டனர். செல்வர் இல்லங்களில் கிரேக்க ஆசிரியர் அமர்ந்தனர். கிரேக்கச் சொல்லை அதன் மூச்சோடு ஒலித்தல் கற்றோர்க்கு அடையாளமாயிற்று. அம்மூச்சு படிப்படியாகக் கிரேக்கத்தோடு தொடர்பில்லாத இலத்தீன் சொற்களிலும் நுழைந்தது. நம் பெயரடை அவற்றுள் ஒன்று. கி.மு. 110-ஐ ஒட்டி அச்சிடப்பெற்ற வெள்ளி நாணயம் ஒன்றில், அதனை வெளியிட்ட கையுஸ் கிளாடியஸ் புல்க்ஹெரின் குடும்பப்பெயர் மூச்சொலிக் குறியோடு பொறிக்கப்பட்டுள்ளது. சிசரோ பிறந்தது கி.மு. 106-இல். அவர் பிறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்னரே இம்மூச்சு நாணயம் ஏறிவிட்டது.

கிரேக்க மோகம் ஒன்றே இதற்குக் காரணமா என்னும் ஐயத்தை எழுப்பியவர், இலத்தீன் ஒலிப்பைப் பற்றி 1965-இல் 'வோக்ஸ் லத்தீனா' என்னும் நூலை வெளியிட்ட டபிள்யூ. சிட்னி ஆலன் ஆவார். இவ்வாறு மூச்சொலி பெற்ற இலத்தீன் சொற்களை ஒருசேர நோக்கினால், ஏறத்தாழ எல்லாவற்றிலும் லகரமோ ரகரமோ அருகில் நிற்பதை அவர் சுட்டினார். நம் பெயரடையில் இரண்டும் உள்ளன. அவ்வொலிகளின் அருகாமையால் மக்கள் வாயில் மூச்சு இயல்பாகவே எழுந்திருக்கலாம் என்பது அவர் கருத்து. அவ்வாறாயின், இது கற்றோரின் போலி ஒலிப்பாக மட்டும் இராமல், மக்களின் நாவில் பிறந்த மாற்றமாகவும் ஆகும். சிசரோவின் சொற்களும் இதற்குத் துணை நிற்கின்றன.

சிசரோவின் மனமாற்றம்

கி.மு. 46-இல், புரூட்டஸை நோக்கி எழுதிய 'ஓராடொர்' என்னும் நூலில் சிசரோ சிறந்த பேச்சாளனின் இலக்கணத்தை வரைந்தார். அப்போது அவருக்கு அகவை அறுபது. சொற்களின் ஒலியின்பத்தைப் பற்றிப் பேசுமிடத்து அவர் தம் பழைய பிடிவாதம் ஒன்றை வெளிப்படையாக ஒத்துக்கொள்கிறார். முன்னோர் மூச்சொலியை உயிரோடன்றி வேறெங்கும் வழங்கவில்லை என்பதைத் தாம் அறிந்திருந்ததாகவும், அவ்வறிவின்படியே தாம் 'புல்க்ரோஸ்' என மூச்சின்றிப் பேசிவந்ததாகவும் அவர் எழுதுகிறார். இது நம் பெயரடையின் ஆண்பால் பன்மை, இரண்டாம் வேற்றுமை வடிவமாகும். கெதேகுஸ் என்னும் குடும்பப்பெயர், வெற்றி உலாவின் பெயர், கார்த்தேஜ் நகரின் பெயர் ஆகியவற்றையும் தாம் அவ்வாறே மூச்சு நீக்கி ஒலித்ததாக அவர் உடன் சேர்த்துரைக்கிறார்.

பின்னர் நிகழ்ந்தது என்ன? கேட்போர் செவிகள் அதனை ஏற்கவில்லை. அச்செவிகளின் கண்டனம் பிடுங்கிப் பறிப்பதுபோல் உண்மையைத் தம்மிடமிருந்து பறித்துக்கொண்டது என்றும், நெடுங்காலம் கழித்தே தாம் இணங்கியதாகவும் அவர் கூறுகிறார். பேச்சு வழக்கை மக்களிடம் விட்டுவிட்டு, அதைப் பற்றிய அறிவைத் தமக்கென வைத்துக்கொண்டாராம். ஆயினும் எல்லாவற்றையும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. கல்லறை, மாலை, கண்ணீர் ஆகியவற்றைக் குறிக்கும் 'ஸெபுல்க்ரா', 'கொரோனா', 'லாக்ரிமா' போன்ற சொற்களைத் தொடர்ந்து மூச்சின்றியே ஒலித்தார். அதற்கும் அவர் காட்டிய காரணம் செவியின் இசைவே. பழமை, விதி என்பன அவருக்கு இறுதி நடுவர் அல்ல, செவியே நடுவர்.

இவ்விணக்கத்தின் அருமையை உணர அவர் வாழ்வை எண்ணிப் பார்க்க வேண்டும். சிசரோ உரோமில் பிறந்தவர் அல்லர். அர்ப்பினும் என்னும் சிற்றூரிலிருந்து வந்தவர். பழங்குடிப் பெருமை இல்லாத அவருக்குப் பேச்சே செல்வம். அத்தகையவர், மன்றத்தில் திரண்டிருக்கும் மக்கள் முகஞ்சுளிக்க, தாம் சரியென்று அறிந்த ஒலியைப் பல்லாண்டு விடாது பற்றி நின்றார் என்பது வியப்புக்குரியது. அவ்வாறு நின்றவர் ஒருநாள் அதனை விட்டார் என்பதும், விட்டதை மறைக்காமல் எழுதிவைத்தார் என்பதும் அதனினும் வியப்புக்குரியன.

இன்னொரு செய்தியும் உண்டு. சிசரோவின் வாழ்வைக் குலைத்த கொடும்பகைவரின் பெயரிலேயே இப்பெயரடை இருந்தது. அவர் புப்ளியுஸ் குளோடியஸ் புல்க்ஹெர். 'கிளாடியஸ்' என்னும் தம் பழங்குடிப்பெயரைக் 'குளோடியஸ்' என மக்கள் நாவில் வழங்கிய ஒலிப்பில் கொண்டவர், கி.மு. 58-இல் மக்கள் தலைவராக இருந்து சிசரோவை நாடு கடத்தச் செய்தவர். அதற்கு மூன்றாண்டு முன்னர், கி.மு. 61-இல், தம் நண்பர் அட்டிக்கஸுக்கு எழுதிய மடலில் சிசரோ அவரைக் குறுமை வடிவத்தால் 'அழகுக்குட்டி' என்று எள்ளிநகையாடினார். பெயரடையின் விகுதி ஒன்று அரசியற் படைக்கலனாக மாறியதற்கு இது சான்று. 

சிசரோவின் காலத்தில் விதியின் பக்கம் நின்றோரும் இருந்தனர். ஜூலியஸ் சீசரே மொழியில் ஒழுங்கு வேண்டும் என்பதை வலியுறுத்தி 'ஒப்புமை பற்றி' என்னும் நூலை எழுதி, அதனைச் சிசரோவுக்கே படைத்தார். ஆல்ப்ஸ் மலையைக் கடந்து படையோடு சென்றபோது அதனை இயற்றினார் என்பர். ஆயினும் அந்நூலிலும், கேட்டறியாத புதுச்சொல்லை மாலுமி கடற்பாறையை விலக்குவதுபோல் விலக்குக என்று அவர் அறிவுறுத்தியதாக அவுலஸ் கெல்லியஸ் குறித்துள்ளார். விதியைப் போற்றிய சீசரும் வழக்கைத் தாண்டிச் செல்லத் துணியவில்லை என்பது இதனால் பெறப்படும்.

மிகையும் குறையும்

மக்கள் வழக்கு என்று சொல்லி எதையும் ஏற்றுக்கொள்ளலாமா என்னும் வினா உடனே எழும். அக்காலத்துக் கவிஞர் கட்டுல்லஸ் இதற்கு விடை கூறியவர்போல் ஓர் அங்கதப் பாடலை இயற்றினார். அதில் வரும் ஆரியுஸ் என்பவர், மூச்சொலி உயர்ந்தோர் அடையாளம் என்று கருதி, அது வரக்கூடாத இடத்திலெல்லாம் ஊதித் தள்ளுகிறார். 'கொம்மொதா' என்பதைக் 'க்ஹொம்மொதா' என்கிறார். 'இன்ஸிதியே' என்பதற்கு முன்னும் ஹகரத்தைச் சேர்க்கிறார். அவர் சிரியாவுக்கு அனுப்பப்பட்டதும் உரோமின் செவிகள் சற்றே ஓய்வு கொண்டன. ஆனால் அயோனியக் கடலுக்கே அவர் மூச்சேற்றிவிட்டார் என்னும் செய்தி திடுமென வந்து சேர்கிறது. நகைச்சுவையாயினும் இப்பாடல் ஒலிவரலாற்றுக்கு அரிய சான்றாகும். சிசரோவின் காலத்து அறிஞரான நிகிதியுஸ் ஃபிகுலுஸும், தவறான இடத்தில் மூச்சொலி இடுவது பேச்சை நாட்டுப்புறத்தன்மை உடையதாக்கும் என்று குறித்தார்.

ஆரியுஸுக்கும் சிசரோவுக்கும் உள்ள வேறுபாடு ஆழ்ந்து நோக்கற்குரியது. இருவருமே பழைய ஒலிப்பை மாற்றியவர்கள். இருவருமே மூச்சைச் சேர்த்தவர்கள். ஆரியுஸ் தம்மை உயர்த்திக் காட்டச் சேர்த்தார். சிசரோ தம் கல்வி காட்டிய வழியை விட்டுக் கேட்போரின் பக்கம் இறங்கி வந்தார். ஒரே மூச்சொலி ஒருவர் வாயில் போலியாயிற்று. மற்றவர் வாயில் பணிவாயிற்று.

கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில் குவின்டிலியன் தம் கல்விநூலில் இவ்வரலாற்றைச் சுருக்கித் தந்தார். பண்டையோர் மூச்சொலியை மிக அருகியே வழங்கினர். மெய்களோடு அது நெடுங்காலம் சேரவில்லை. பின்னர்ச் சிறிது காலம் வரம்பின்றிப் பெருகியது. மாலை, நூற்றுவர் தலைவன், முரசறைவோன் ஆகியோரைக் குறிக்கும் சொற்களில்கூட அது ஏறிய கல்வெட்டுகள் தம் காலத்திலும் உள்ளன என்று கூறி, கட்டுல்லஸின் பாடலையும் அவர் நினைவூட்டுகிறார். மாலையைக் குறிக்கும் 'கொரோனா' என்னும் சொல், சிசரோ மூச்சு சேர்க்க மறுத்த சொற்களுள் ஒன்று என்பது நினையத்தக்கது. அலை எழுந்தது, 'புல்க்ஹெர்' அதில் மிதந்து கரை சேர்ந்தது, 'க்ஹொரோனா' மூழ்கியது. எது நிற்கும், எது வீழும் என்பதை எந்த இலக்கண விதியும் முன்கூட்டி அறிவிக்கவில்லை.

கவிஞர்களும் வழக்கும்

ஒலிப்பு பற்றிய ஆய்வுக்குப் பெரிதும் துணையாவது யாப்பு. ஆனால் இவ்வழக்கில் யாப்பு வாய் திறவாது. இலத்தீன் யாப்பில் மூச்சொலி பெற்ற மெய் ஒரே மெய்யாகவே எண்ணப்படும். மூச்சுக்குத் தனி மாத்திரை இல்லை. புல்க்கெர் என்று படித்தாலும் புல்க்ஹெர் என்று படித்தாலும் அடி சிதையாது. கவிஞன் எவ்வாறு ஒலித்தான் என்பதை அடிகளின் அளவைக் கொண்டு கூறவியலாது. நாணயமும் கல்வெட்டும் இலக்கண நூலாரின் கூற்றுமே சான்றுகளாக எஞ்சுகின்றன.

ஆயினும் உரோமக் கவிஞர் இவ்விவாதத்தில் மௌனமாக இருந்துவிடவில்லை. ஹொரேஸ் தம் கவிதைக்கலை நூலில், சொற்கள் தோன்றுவதையும் மறைவதையும் மரத்து இலைகளுக்கு ஒப்பிட்டு, பேச்சின் தீர்ப்பும் சட்டமும் அளவுகோலும் வழக்கின் கையிலேயே உள்ளன என்று கூறினார். அதே நூலில் சில அடிகள் கடந்து நம் பெயரடையையும் எடுத்தாண்டார். பாடல்கள் அழகியனவாக இருந்தால் மட்டும் போதா, இனிமையும் உடையனவாகிக் கேட்போர் உள்ளத்தைத் தாம் விரும்பும் திசையில் இட்டுச்செல்ல வேண்டும் என்பது அவர் கொள்கை. இரண்டு கருத்துகளும் கேட்பவனை நடுவில் நிறுத்துவன.

வர்ஜிலின் எழுத்து எவ்வாறு இருந்தது என்பதை அறியும் ஆவல் பிற்காலத்தாருக்கு மிகுதி. 'எனெயித்' காவியத்தின் இரண்டாம் காண்டப் படி ஒன்று, வர்ஜிலின் சொந்தப் படி என நம்பப்பட்டு, உரோமின் கடைத்தெருவில் 20 பொற்காசுக்கு வாங்கப்பட்டதைக் கெல்லியஸ் பதிவுசெய்துள்ளார். அதில் 'செம்பாலான' என்னும் பொருள்படும் ஒரு சொல் முதலில் ஹகரமின்றி எழுதப்பட்டுப் பின்னர் அவ்வெழுத்து மேலே சேர்க்கப்பட்டிருந்ததாம். அந்த ஒற்றை எழுத்தும் பதிவுசெய்யப்பட்டது என்றால், மூச்சு எத்துணைப் பெரிய வழக்காக இருந்தது என்பது விளங்கும்.

மக்கள் விட்டுச்சென்ற சொல்

இவ்வளவு வாதிட்டு நிலைபெற்ற மூச்சு பின்னர் என்னவாயிற்று? கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதையுண்ட பாம்பேயி நகரின் சுவரெழுத்துகளிலேயே, ஹகரம் இருக்கவேண்டிய சொற்கள் பல அதனை இழந்து நிற்கின்றன. சிசரோவின் செவியில் மூச்சை வற்புறுத்திய அதே மக்கள் அதனைக் கைவிடத் தொடங்கினர். பிற்காலத்து ஆசிரியர் ஒருவர் தொகுத்த, 'புரோபஸ் பிற்சேர்க்கை' எனப்படும் பிழைதிருத்தப் பட்டியல், பலிப்பொருளைக் குறிக்கும் 'ஹோஸ்தியே' என்பதை 'ஓஸ்தியே' என்று சொல்லற்க என எச்சரிக்கிறது. இப்போது நிலை தலைகீழாயிற்று. முன்னர் மூச்சு மக்களுடையதாகவும் மூச்சின்மை புலவருடையதாகவும் இருந்தன. பின்னர் மூச்சைப் புலவர் காத்தனர், மக்கள் விட்டனர்.

இம்மாற்றத்தின் நடுவில் வாழ்ந்தவர் வட ஆப்பிரிக்காவில் பிறந்த புனித அகுஸ்தினார். பேச்சுக்கலை ஆசிரியராக இருந்த அவர், கி.பி. 397-ஐ ஒட்டி எழுதத் தொடங்கிய தம் 'ஒப்புதல்கள்' நூலில் தம் காலத்துக் கல்வியைக் கடிந்துரைத்தார். 'மனிதன்' என்னும் சொல்லை முதல் அசையில் ஹகரமின்றி ஒலித்துவிட்டால் கற்றோர் சினங்கொள்கின்றனர். மனிதனாயிருந்தும் இன்னொரு மனிதனை வெறுத்தால் அத்துணைச் சினம் கொள்வதில்லை என்று அவர் வருந்தினார். ஒலிப்புப் பிழைக்கு நாணுகின்ற கல்வி, அன்பின்மைக்கு நாணவில்லை என்பதே அவர் குற்றச்சாட்டு. இதே அகுஸ்தினார் இளமையில் கார்த்தேஜ் நகரிலிருந்தபோது எழுதிய முதல் நூல் அழகையும் பொருத்தத்தையும் பற்றியது. நூற்பெயரில் நம் பெயரடை 'புல்க்ஹ்ரோ' என்னும் வேற்றுமை வடிவில் நின்றது. அந்நூல் பின்னர் அவர் கையிலிருந்தே தொலைந்துபோயிற்று. அது இரண்டு காண்டங்களா மூன்று காண்டங்களா என்பதும் தமக்கு நினைவில் இல்லை என்று அவர் எழுதினார். 

அந்நூல் மட்டுமன்றிச் சொல்லும் மக்கள் கையிலிருந்து நழுவியது. இலத்தீன் தேய்ந்து இத்தாலியம், பிரெஞ்சு, ஸ்பானியம், போர்ச்சுகீசியம், ருமேனியம் முதலிய மொழிகளாகக் கிளைத்தபோது, அழகைச் சொல்ல மக்கள் 'புல்க்ஹெர்' என்பதைத் தேர்ந்தெடுக்கவில்லை. 'நல்ல' என்னும் பொருள்தரும் சொல்லின் குறுமை வடிவாகப் பிறந்த 'பெல்லுஸ்' என்பதை இத்தாலியரும் பிரெஞ்சுக்காரரும் கொண்டனர். அதுவே 'பெல்லோ' எனவும் 'போ' எனவும் இன்று வழங்குகிறது. 'உருவமைந்த' என்னும் பொருள்படும் 'ஃபோர்மோஸுஸ்' ஸ்பானியத்தில் 'எர்மோஸோ' எனவும், போர்ச்சுகீசியத்தில் 'ஃபொர்மோஸோ' எனவும், ருமேனியத்தில் 'ஃப்ருமோஸ்' எனவும் ஆயிற்று. ஸ்பானியச் சொல்லின் முதலில் எழுத்தளவில் ஒரு ஹகரம் உண்டு, அது ஒலிப்பதில்லை.

ஏட்டிலிருந்து மீண்டும் எடுக்கப்பட்ட சொல்லாக மட்டும் நம் பெயரடை பிற மொழிகளில் புகுந்தது. ஆங்கிலம் அழகைக் குறிக்கும் 'பல்க்ரிட்யூட்' என்னும் சொல்லில் மூச்சின் எழுத்தை இன்றும் தாங்கி நிற்கிறது. ஒலிப்பதோ வெறும் ககரம். கல்லறையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலும், கண்ணீர் மல்கிய என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல்லிலும் அவ்வெழுத்து உண்டு. சிசரோ இறுதிவரை மூச்சு சேர்க்க மறுத்த சொற்களின் வழித்தோன்றல்கள் அவை.

இலத்தீனை இன்று பயில்வோரிடையே இரு ஒலிப்புமுறைகள் வழங்குகின்றன. பண்டை ஒலிப்பை மீட்கும் முயற்சிக்கு எராஸ்மஸ் 1528-இல் வெளியிட்ட உரையாடல் நூல் வித்திட்டது. அவ்வழியில் வளர்ந்த முறை, சிசரோ இணங்கியபின் ஒலித்தவாறு மூச்சோடு 'புல்க்ஹெர்' என்று ஒலிக்கக் கற்பிக்கிறது. திருச்சபையின் வழிபாட்டில் வழங்குவதும், 1912-இல் பத்தாம் பயஸ் திருத்தந்தையின் மடலால் ஆதரவு பெற்றதுமான உரோம் நகர ஒலிப்புமுறையில், எழுத்தில் மூச்சொலிக் குறி இருப்பினும் நாவில் அது 'புல்க்கெர்' தான்.

முடிவுரை

ஒரு பெயரடையின் நடுவில் இருந்த சிறு காற்றின் வரலாறு இது. மக்கள் அதனைக் கொணர்ந்தனர். புலவர் எதிர்த்து, பின் இணங்கினர். மக்கள் அதனை விட்டனர், புலவர் பற்றிக்கொண்டனர். இறுதியில் மக்கள் அச்சொல்லையே விட்டுச்சென்றனர். வழக்கை வெல்ல எவராலும் இயலவில்லை என்று இதனைச் சுருக்கிவிடலாம். ஆனால் அது முழு உண்மையாகாது. பழைய ஒலிப்பு இவ்வாறு இருந்தது என்பதும், அது மாறியபோது ஓர் அறிஞர் உள்ளம் என்ன பாடுபட்டது என்பதும் இன்று நமக்குத் தெரிவதற்குக் காரணம், சிசரோ தமக்கென்று வைத்துக்கொண்ட அந்த அறிவேயாகும். நாவால் மக்களோடு சேர்ந்தவர், ஏட்டில் முன்னோரை மறவாது பதிவுசெய்தார். மொழியோடு வாழ்வோர்க்கு இவ்விரண்டும் வேண்டப்படுகின்றன.

ஸ்பானிய மொழியில் 'புல்க்ரோ' என்னும் சொல் இன்றும் வழங்குகிறது. நூல்வழியாக மீண்டு வந்த நம் பெயரடையே அது. அம்மொழியின் எழுத்துமுறை சீர்செய்யப்பட்டபோது பயனற்ற மூச்சொலிக் குறி அதிலிருந்து நீங்கிற்று. சிசரோ இளமையில் விடாது பற்றி நின்று, பின்னர் மக்களுக்காக விட்டுக்கொடுத்த மூச்சற்ற ககரமே அதில் ஒலிக்கிறது. அதன் பொருளும் சற்றே மாறி, 'தூய்மையாகவும் செப்பமாகவும் பேணப்பட்ட' என்பதாகியுள்ளது. நன்கு மடித்து வைத்த உடையையும், பிழையற எழுதிய கையெழுத்தையும் குறிக்க அச்சொல்லை அம்மக்கள் ஆள்கின்றனர்.